விலை கூடிய தெர்மல் பேஸ்ட் போட்டால் லேப்டாப் சூடு குறையுமா? அறந்தாங்கி வெயிலுக்கு எது போதும்?

யூடியூப்பில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி இரையும். மவுஸ் நகராது. அடுத்த நிமிடம் திரை கருப்பாகி, லேப்டாப் தானாகவே அணைந்துவிடும். அக்னி நட்சத்திர நேரத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். "பேஸ்ட் காஞ்சுபோச்சு தம்பி, மாத்தணும்." "மாத்திடுங்கண்ணே." "சாதா பேஸ்ட் போடவா, நல்ல பேஸ்ட் போடவா?" இந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று பலருக்கும் தெரிவதில்லை. சாதா பேஸ்டுக்கும் 'நல்ல' பேஸ்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். அந்த விலைக்கு எத்தனை டிகிரி குறையும் என்பதுதான் கேள்வி.

முதலிலேயே சொல்லிவிடலாம். மிக மட்டமான பேஸ்டுக்கும் ஓரளவு நல்ல பேஸ்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பெரியது. ஓரளவு நல்ல பேஸ்டுக்கும் மிக விலை கூடிய பேஸ்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், சாதாரண லேப்டாப்பில், கையால் தொட்டுக்கூட உணர முடியாத அளவு. ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம்.

அறந்தாங்கியில் இது ஏன் பெரிய விஷயம்?

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு லெனோவோ, ஏசர், எச்சிஎல் போன்ற நிறுவனங்களின் லேப்டாப்கள் வந்தன. கொரோனா காலத்தில் விநியோகம் நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

ஆனால் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி பக்கம் வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் பல அந்தப் பழைய விலையில்லா லேப்டாப்கள்தான். அக்கா பிளஸ் டூவில் வாங்கியது தம்பி கைக்கு வந்து, இப்போது டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடவும் ஆன்லைன் வகுப்பு பார்க்கவும் அதுவே ஆதாரம். வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரும் அதுதான். கடைசி நாளில் விண்ணப்பம் பாதியில் நிற்க, லேப்டாப் அணைந்துபோனால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

லேப்டாப் மட்டுமில்லை. ஃப்ளெக்ஸ் டிசைன், கல்யாணப் பத்திரிகை டிடிபி, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடும் சின்னக் கடைகளில் பெரும்பாலும் இருப்பது, பெருநகரத்து அலுவலகங்களில் இருந்து கழித்துவிட்டு வந்த பழைய டெஸ்க்டாப்கள். இவற்றின் உள்ளே இருப்பது கம்பெனியில் போட்ட அதே பழைய பேஸ்டாகத்தான் பல நேரம் இருக்கும்.

இதோடு ஊரின் வெப்பமும் சேருகிறது. பெரும்பாலான லேப்டாப் கையேடுகளில், இயங்கும்போது அறை வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று போட்டிருப்பார்கள். மே மாதத்து மத்தியானம், மேலே ஷீட் போட்ட அறையில், ஃபேன் காற்றே அனலாக அடிக்கும்போது அந்த 35 எங்கே? லேப்டாப்பை ஆன் செய்வதற்கு முன்பே வரம்பு தாண்டிவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இணையத்தில் நாம் பார்க்கும் பேஸ்ட் ஒப்பீட்டு வீடியோக்கள் பெரும்பாலும் ஏசி அறையில், 20 முதல் 25 டிகிரிக்குள் எடுக்கப்பட்டவை. "இந்த பேஸ்ட் போட்டதும் 78 டிகிரிதான்" என்று அதில் சொன்னால், 38 டிகிரி அறையில் அதே லேப்டாப் 91 டிகிரியைத் தொடும். அறைச் சூடு எவ்வளவு கூடுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவும் ப்ராசஸர் சூட்டில் அப்படியே ஏறும். எந்த பேஸ்டும் ப்ராசஸரை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. அது ஏசி இல்லை.

பேஸ்ட் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

ப்ராசஸரின் மேல்பகுதியும், அதன்மேல் உட்காரும் செம்புத் தகடும் பார்க்கக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் கொத்தாத அம்மிக்கும் கொத்திய அம்மிக்கும் உள்ள வித்தியாசம் புரியும். இரண்டிலும் மேடும் பள்ளமும்தான். இரண்டையும் சேர்த்து வைத்தால் மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும்.

காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம். வெப்பக் கடத்துதிறனை அளக்க ஓர் அலகு உண்டு: வாட் பெர் மீட்டர் கெல்வின். இந்த அளவில் செம்பு சுமார் 400, அலுமினியம் சுமார் 235. காற்று வெறும் 0.026. அதாவது செம்பைவிடப் பதினையாயிரம் மடங்கு மோசம். பேஸ்டின் ஒரே வேலை, அந்தக் காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்வது.

பேஸ்ட் ஒன்றும் செம்பு அளவுக்கு நல்ல கடத்தி கிடையாது. ஒரு மெல்லிய எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு போன்ற தூள்களைக் குழைத்துச் செய்வதுதான் பேஸ்ட். சிலவற்றில் வெள்ளித் தூள்கூட உண்டு. காற்றைவிடப் பல மடங்கு நல்லது, செம்பைவிடப் பல மடங்கு மோசம். அதனால்தான் பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் அது இருக்க வேண்டும். நல்ல கொத்தனார் வைக்கும் சாந்து மாதிரி: இடைவெளி அடைபட வேண்டும், ஆனால் செங்கல்லைவிடச் சாந்து தடிமனாக நிற்கக்கூடாது.

வருடக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, எண்ணெய் பிரிந்துபோனால் மிச்சம் இருப்பது சுண்ணாம்பு மாதிரி காய்ந்த தூள். அதில் வெடிப்பு விழுந்தால் காற்று திரும்பவும் உள்ளே வந்துவிடும். கடைக்காரர் "பேஸ்ட் காஞ்சுபோச்சு" என்று சொல்வது இதைத்தான். பத்து வருடப் பழைய லேப்டாப்பில் அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

ட்யூபில் எழுதியிருக்கும் நம்பரை நம்பலாமா?

பேஸ்ட் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது அந்த வாட் பெர் மீட்டர் கெல்வின் எண்தான். 1.93 என்று ஒன்றில் இருக்கும், 8.5 என்று ஒன்றில், 12.5 என்று இன்னொன்றில். எண் கூடக்கூட விலையும் கூடும். 8.5-ஐ விட 12.5 ஒன்றரை மடங்கு, அப்போ சூடும் ஒன்றரை மடங்கு குறையும்னு நினைக்கத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சாதாரண லேப்டாப் ப்ராசஸர் 15 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது, அதன் சிப் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், பேஸ்ட் 0.05 மில்லிமீட்டர் தடிமனில் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த பேஸ்ட் படலத்தின் இரண்டு பக்கத்துக்கும் இடையே எவ்வளவு டிகிரி வித்தியாசம் வரும்?

ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரில் ட்ரான்சிஸ்டருக்குத் தடவும் சாதா வெள்ளை ஹீட் சிங்க் காம்பவுண்டின் கடத்துதிறன் 0.7 அளவில் இருக்கும். அதைத் தடவினால் கிட்டத்தட்ட 11 டிகிரி. 1.93 என்று போட்டிருக்கும் சாதா சாம்பல் நிற பேஸ்டில் சுமார் 4 டிகிரி. 8.5 பேஸ்டில் 1 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. 12.5 பேஸ்டில் 0.6 டிகிரி.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். வெள்ளை காம்பவுண்டில் இருந்து சாதா சாம்பல் பேஸ்டுக்கு மாறினால் 7 டிகிரி லாபம். அதிலிருந்து 8.5 பேஸ்டுக்கு மாறினால் இன்னும் 3 டிகிரி. ஆனால் 8.5-ல் இருந்து 12.5-க்குப் போனால் கிடைப்பது 0.3 டிகிரி! ஜன்னலைத் திறந்துவைத்தால் இதைவிட அதிகம் குறையும்.

கேமிங் லேப்டாப், 45 வாட் என்றால்? சிப்பும் பெரிதாக, 2 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், 1.93 பேஸ்டில் 6 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே, 8.5 பேஸ்டில் 1.3 டிகிரி, 12.5 பேஸ்டில் 0.9. இங்கே சாதா பேஸ்டில் இருந்து நல்ல பேஸ்டுக்கு மாறுவது உண்மையிலேயே பலன் தரும். அதற்கு மேல் போவதில் இங்கேயும் பெரிதாக ஒன்றுமில்லை.

இதில் இன்னொரு சிக்கல், அந்த எண்களே கம்பெனிகள் சொல்வதுதான். எல்லாரும் ஒரே முறையில் அளப்பதில்லை, பலர் கூட்டிச் சொல்கிறார்கள் என்ற புகார் தொழிலுக்குள்ளேயே உண்டு. ஆஸ்திரியாவின் நோக்டுவா நிறுவனம் தன் பேஸ்டுகளுக்கு இந்த எண்ணை வெளியிடுவதே இல்லை. எம்எக்ஸ்-4 ட்யூபில் 8.5 என்று போட்ட ஆர்க்டிக் நிறுவனம்கூட, பின்னர் வந்த எம்எக்ஸ்-6 பேஸ்டுக்கு எண் சொல்வதை நிறுத்திவிட்டது. பேர் தெரியாத ட்யூப் ஒன்றில் 15, 16 என்று போட்டிருந்தால் சந்தேகப்படுவதுதான் சரி.

காசைவிடக் கைவேலை முக்கியம்

அதே கணக்கில் தடிமனை மட்டும் மாற்றிப் பார்ப்போம். ஹீட் சிங்க் ஸ்க்ரூவை ஒரு பக்கம் மட்டும் முறுக்கியதால் அது சாய்ந்து, 8.5 பேஸ்ட் 0.3 மில்லிமீட்டர் தடிமனில் நின்றுவிட்டது என்று வையுங்கள். வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஒழுங்காகப் பொருத்திய சாதா சாம்பல் பேஸ்டில் வந்ததோ 4 டிகிரிதான். அதாவது மோசமாகப் போட்ட விலை கூடிய பேஸ்ட், நன்றாகப் போட்ட மலிவு பேஸ்டிடம் தோற்றுப்போகும்.

காற்று நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வெறும் 0.01 மில்லிமீட்டர் காற்றுப் படலம் சிப் முழுக்க இருந்தால் கணக்குப்படி 58 டிகிரி வித்தியாசம் வரும். நிஜத்தில் ஆங்காங்கே உலோகம் தொட்டுக்கொள்வதால் அவ்வளவு வராது. ஆனால் காய்ந்துபோன பேஸ்டை மாற்றினால் ஏன் சட்டென்று பத்து, பதினைந்து டிகிரி குறைகிறது என்பதற்குக் காரணம் இதுதான். பேஸ்ட் மாற்றியதன் பலன் அது. பிராண்டின் பலன் இல்லை.

எனவே பணத்தைவிட, பேஸ்ட் போடும் கையைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பழைய பேஸ்டை ஐஸோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு, நூல் உதிராத துணியால் சுத்தமாகத் துடைக்கிறாரா? சிலர் பழையதன் மேலேயே புதியதைத் தடவுவார்கள், அது வீண். ஹீட் சிங்கின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி முறுக்குகிறாரா? இதைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எவ்வளவு பேஸ்ட் வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. மூடியில்லாத லேப்டாப் சிப்புக்கு முழுப் பரப்பிலும் மெல்லியதாகப் பரப்பிவிடுவது பாதுகாப்பு. டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும்; ஹீட் சிங்கை அழுத்தும்போது தானாகப் பரவும். கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் வழியும், அவ்வளவுதான். குறைந்துபோனால்தான் ஆபத்து.

எந்த பேஸ்ட் எப்படி?

வெள்ளை ஹீட் சிங்க் காம்பவுண்டைப் பற்றிச் சொல்லியாயிற்று. ஆம்ப்ளிஃபயருக்கு அது சரி, ப்ராசஸருக்கு வேண்டாம். டூத் பேஸ்ட் போடலாம் என்று வரும் வீடியோக்களையும் இதோடு சேர்த்து ஒதுக்கிவிடலாம். டூத் பேஸ்டில் இருப்பது தண்ணீர். முதல் நாள் வேலை செய்கிற மாதிரி இருக்கும், சூட்டில் தண்ணீர் ஆவியானதும் கட்டியாகிவிடும்.

சின்ன பாக்கெட்டிலும் ஊசி போன்ற சிரிஞ்சிலும் வரும் சாம்பல் நிற பேஸ்ட், எச்ஒய்510 என்ற பெயரில் வருவதும் இந்த வகைதான், சின்ன ஊர்க் கடைகளில் அதிகம் புழங்குகிறது. 'சாதா' என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இதையே. பிரவுசிங், டைப்பிங் மட்டும் பார்க்கும் பழைய டெஸ்க்டாப்புக்கு இது போதும். டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு மேலே உலோக மூடி இருக்கும், பரப்பு பெரிது, அதனால் மூடிக்கு மேலே உள்ள பேஸ்டில் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரியைத் தாண்டாது. லேப்டாப்பில் இதைப் போட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பக் கழற்ற வேண்டி வரலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, எம்எக்ஸ்-6, நோக்டுவா என்டி-எச்1 போன்றவை அடுத்த நிலை. எம்எக்ஸ்-4 வந்தது 2010-ல். இத்தனை வருடம் கழித்தும் விற்பதற்குக் காரணம், விலை, உழைப்பு, பூசும் வசதி எல்லாம் ஓரளவு சமமாக அமைந்தது. மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் கொஞ்சம் வழிந்தாலும் பயமில்லை. அறந்தாங்கியில் ஒரு விலையில்லா லேப்டாப்புக்கு என்ன போடலாம்னு கேட்டால், நம் தேர்வு இந்த வகைதான். ஒரு 4 கிராம் ட்யூப் நாலைந்து லேப்டாப்புக்கு மேல் வரும், நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு ஆகும் செலவு சாதா பேஸ்டை விடப் பெரிதாகக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எம்எக்ஸ்-4 பெயரில் போலி நிறைய உலவுகிறது. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் யோசியுங்கள். அசல்தானா என்று சரிபார்க்க ஆர்க்டிக் இணையதளத்திலேயே வசதி உண்டு. பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது: 'ஆர்க்டிக் சில்வர் 5' என்ற புகழ்பெற்ற பழைய பேஸ்ட், வேறொரு அமெரிக்க நிறுவனத்துடையது. அதில் வெள்ளித் தூள் இருப்பதால் மதர்போர்டு பாகங்கள் மேல் படாமல் பார்த்துப் போட வேண்டும்.

விலை கூடியவற்றில் தெர்மல் க்ரிஸ்லியின் கிரையோநாட் பிரபலம். 12.5 என்று சொல்லப்படுவது இதுதான். ஒப்பீட்டு வீடியோக்களில் முதலிடம் பிடிக்கும். ஆனால் எப்போதும் 80, 90 டிகிரியில் வேகும் லேப்டாப்பில் சீக்கிரம் பலன் குறைகிறது என்று பயன்படுத்தியவர்கள் பலரும் சொல்கிறார்கள். முதல் நாள் பரிசோதனையில் ஜெயிப்பதும், மூன்று கோடை தாங்குவதும் வேறு வேறு.

அப்படி ஏன் ஆகிறது? லேப்டாப் சிப்புக்கு மூடி கிடையாது, ஹீட் சிங்கை அழுத்தும் ஸ்ப்ரிங்கும் டெஸ்க்டாப் அளவுக்குப் பலமில்லை. சூடாகும்போது சிப்பும் செம்பும் வேறு வேறு அளவில் விரிகின்றன, குளிரும்போது சுருங்குகின்றன. ஒவ்வொரு தடவையும் நடுவில் இருக்கும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. பேஸ்ட் எவ்வளவு இளக்கமாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஓடிவிடும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் ஓரமெல்லாம் பேஸ்ட், நடுவில் சிப் பளபளவென்று தெரியும். அதனால் லேப்டாப்புக்கு எப்போதும் கொஞ்சம் கெட்டியான பேஸ்ட்தான் நல்லது. எம்எக்ஸ்-4-ஐ விட எம்எக்ஸ்-6 கெட்டி.

இந்தப் பிரச்சினைக்கு வந்த புத்திசாலித்தனமான தீர்வு, ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950. இது பேஸ்டே இல்லை, மெல்லிய ஷீட். அறைச் சூட்டில் திடமாக இருக்கும், 45 டிகிரியைத் தொட்டதும் இளகிப் பள்ளங்களை நிரப்பும், குளிர்ந்தால் மறுபடி இறுகும். அதனால் ஓரத்துக்கு ஓடுவது மிகக் குறைவு. கடத்துதிறன் எண் 8.5 தான், ஆனால் படலம் மிக மெல்லியதாக அமைவதால் நல்ல பேஸ்டுகளோடு போட்டி போடுகிறது. வீடியோ எடிட்டிங், கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். போலி இதிலும் உண்டு. இன்னொன்று, மே மாதத்தில் ஒட்டும்போது கைச் சூட்டிலேயே கொழகொழவென்று ஆகி, பிளாஸ்டிக்கோடு கிழிந்து வரும். ஒட்டுவதற்கு முன் சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது நல்ல வழி.

கடைசியாக லிக்விட் மெட்டல். 2020-ல் வந்த சோனி பிளேஸ்டேஷன் 5-க்குள் இருப்பது இதுதான். காலியம் கலந்த உலோகம். எண் 70-க்கு மேல் சொல்லப்படும். ஆனால் இது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு சொட்டு சிதறினால் மதர்போர்டு போச்சு. அலுமினியத்தில் பட்டால் அதை அரித்து உதிர்த்துவிடும். சோனி தொழிற்சாலையில் சுற்றிலும் அணை கட்டிப் போடுகிறார்கள். நம் வீட்டு மேஜையில் வேண்டாம்.

பேஸ்ட் மட்டும் காரணமா?

பல நேரம் இல்லை. லேப்டாப் ஃபேனுக்கும், காற்று வெளியேறும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் தூசியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். மெத்தைமேல் வைத்துப் படம் பார்க்கும் லேப்டாப்பில் இது நிச்சயம். ரோட்டோரக் கடை என்றால் புழுதி. காற்றே போகாத இடத்தில் தங்கத்தையே பேஸ்டாகப் பூசினாலும் பிரயோஜனமில்லை. முதலில் அந்தத் தூசியை எடுக்கச் சொல்லுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் கெடும். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்தத் தகடுகளைப் பூக்கவைத்துவிடும் என்பதால் அங்கே வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

ரிப்பேரில் நடக்கும் இன்னொரு தவறு, தெர்மல் பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் தடவுவது. மெமரி சிப், மின்சாரம் தரும் பாகங்கள் மேல் நீலம் அல்லது சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு துண்டு இருக்கும். அங்கே இடைவெளி அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்கலாம். பேஸ்ட் அதை நிரப்பாது. பேட் கிழிந்துபோனால் அதே தடிமனில் புது பேட்தான் போட வேண்டும். தடிமன் கூடிய பேட் போட்டால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு, ப்ராசஸர் மேல் அழுத்தம் இல்லாமல் போகும்.

பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை முதல், 2018-ல் ஒன்பதாம் தலைமுறை வரும் வரை, இன்டெலின் சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் உலோக மூடிக்கு உள்ளேயும் உலோகப் பற்றுக்குப் பதிலாக பேஸ்ட்தான் இருந்தது. வெளியே எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டாலும் உள்ளே காய்ந்திருந்தால் குறைவது கொஞ்சம்தான். மூடியைப் பிரிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி கத்தியை எடுக்க வேண்டாம். ஏஎம்டி டெஸ்க்டாப்பில் வேறு ஆபத்து: காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, ஹீட் சிங்கைத் தூக்கும்போது ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடானதும் அணைத்து, ஹீட் சிங்கை லேசாகத் திருகிவிட்டுத் தூக்க வேண்டும்.

காசே செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. பழைய விண்டோஸ் லேப்டாப்களில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்று 100 சதவீதம் இருக்கும். அதை 99 ஆக்கினால், டர்போ வசதியுள்ள ப்ராசஸர்களில் அந்த வேகம் நின்றுவிடும். விண்ணப்பம் போடுவதற்கும் பாடம் பார்ப்பதற்கும் அந்த வேகம் தேவையில்லை. எந்த விலை கூடிய பேஸ்டும் தராத அளவு சூடு இதில் குறைய வாய்ப்புண்டு. கோடை முடிந்ததும் திரும்ப 100 வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக அரசு தந்த லேப்டாப்போ, கடையில் வாங்கியதோ, வாரண்டி இருக்கும்வரை பேஸ்டுக்காகத் திறக்கவே வேண்டாம். சூடானால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

மாற்றியது பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைக்குப் போகும் முன் ஒரு முறை அளந்துவிடுங்கள். விண்டோஸில் கோர் டெம்ப், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் ப்ராசஸர் சூட்டைக் காட்டும். ஒரு வீடியோவை உயர்ந்த தரத்தில் 20 நிமிடம் ஓடவிட்டு, அதிகபட்ச டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அறைச் சூட்டையும் குறித்து, அதைக் கழித்துவிடுங்கள். ப்ராசஸர் 92, அறை 36 என்றால் வித்தியாசம் 56. பேஸ்ட் மாற்றிய பிறகு அதே வீடியோ, அதே நேரம், அதே கணக்கு. காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் அளந்துவிட்டு, அறைச் சூட்டைக் கழிக்காமல் "குறையவே இல்லையே" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக்கூடாது.

இன்டெலின் லேப்டாப் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு வரம்பு 100 அல்லது 105 டிகிரி. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். மே மாதத்திலும் 90-க்குக் கீழே நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

தூசி எடுத்து, நல்ல பேஸ்ட் போட்டு, ஸ்க்ரூ சரியாக முறுக்கியும் அந்த வித்தியாசம் ஐந்து டிகிரிகூடக் குறையவில்லையா? அப்போது சந்தேகப்பட வேண்டியது ஹீட் பைப்பை. ப்ராசஸரில் இருந்து ஃபேன் வரை போகும் அந்தத் தட்டையான செம்புக் குழாய்க்குள் மிகக் கொஞ்சம் திரவம் இருக்கும். அது ஆவியாகிப் போய், குளிர்ந்து திரும்பி வந்துதான் வெப்பத்தை நகர்த்துகிறது. குழாய் நசுங்கினாலோ, சின்னதாக ஓட்டை விழுந்தாலோ அந்த ஓட்டம் நின்றுவிடும். ஹீட் சிங்கைக் கழற்றி, ப்ராசஸர் பக்கத்து முனையை மட்டும் சுடுதண்ணீரில் வைத்தால், நல்ல குழாயில் மறுமுனை சில விநாடிகளில் சுடும். சுடவில்லை என்றால் பேஸ்டை எத்தனை தடவை மாற்றியும் பலனில்லை, ஹீட் சிங்கையே மாற்ற வேண்டும். விலையில்லா லேப்டாப்கள் ஒரே மாடலில் ஏராளமாக வந்தவை என்பதால், டிஸ்ப்ளே உடைந்தோ மதர்போர்டு போயோ மூலையில் கிடக்கும் அதே மாடல் லேப்டாப் ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அதன் ஹீட் சிங்க் அப்படியே இதற்குப் பொருந்தும்.